காங்கிரஸ் டாட் கவ்: வாக்களித்தவர் தெரிவார், செருகியவர் தெரியமாட்டார்

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு (காங்கிரஸ் என்பது அதன் பெயர்) வரும் மசோதாக்களைப் படிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்துகிற இணையதளம்தான் காங்கிரஸ் டாட் கவ். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்காமலே எல்லாவற்றையும் படிக்கலாம். 1995இல் தாமஸ் என்ற பெயரில் (முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் நினைவாக வைத்த பெயர்) தொடங்கிய பழைய சேவையின் வாரிசு இது. 2012இல் சோதனை ஓட்டமாக வந்து, 2016இல் தாமஸ் மூடப்பட்டதும் அதன் இடத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டது. ஒரு மசோதா எப்போது வந்தது, எந்தக் குழுவுக்குப் போனது, எந்த உரை எப்போது மாறியது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் நீங்கள் தேடுவது 'போர்க் பேரல்' சமாச்சாரம் என்றால், அதாவது நாட்டுக்கான சட்டம் என்ற பெயரில் ஒரு தொகுதிக்கோ ஒரு தொழிலுக்கோ பணத்தை ஒதுக்கிக்கொள்ளும் வேலை என்றால், இந்தச் சேவை பாதி வழியில் இறக்கிவிட்டுவிடும்.

சின்ன மசோதாவை வைத்து இந்த மாதிரித் தளத்தைச் சோதித்துப் பயனில்லை, அதற்கு எல்லாத் தளமும் நன்றாகத்தான் வேலை செய்யும். நான் எடுத்துக்கொண்டது ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்து எரிசக்தி மசோதா. 2001 தொடக்கத்தில் துணை அதிபர் டிக் சேனி தலைமையில் ஒரு குழு போட்டு, மே மாதம் அறிக்கை வந்து, அதிலிருந்து கிளம்பிய மசோதா சட்டமாக 2005 ஆகஸ்ட் ஆனது. நடுவில் இரண்டு முறை விழுந்தது. மூன்று காங்கிரஸ் காலம் (ஒவ்வொன்றும் இரண்டாண்டு), பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவை, அவற்றின் உரைகளை ஒன்றாக்கும் கூட்டுக் குழு, வரிச்சலுகை, எத்தனால், அணு உலை, அலாஸ்கா என்று எல்லாம் இதில் இருப்பதால் தளத்தின் பலமும் பலவீனமும் ஒரே மசோதாவிலேயே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தேடல் பெட்டியில் எச்.ஆர். 6 (எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபையில் தொடங்கிய மசோதா) என்று மட்டும் போட்டால் ஏகப்பட்ட எச்.ஆர். 6 வந்து நிற்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிய காங்கிரஸ் கூடும்போது எண்களும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் காரணம். 2003இல் விழுந்த எரிசக்தி மசோதாவும் எச்.ஆர். 6, 2005இல் சட்டமானதும் எச்.ஆர். 6, போதாக்குறைக்கு 2007 டிசம்பரில் சட்டமான அடுத்த எரிசக்தி மசோதாவும் எச்.ஆர். 6. இடது பக்கத்தில் காங்கிரஸ் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. 108, 109, 110 என்று சரியாகக் குறித்துக்கொண்டு போகாவிட்டால் ஒரு சட்டத்தின் பிரிவை இன்னொன்றில் தேடிக்கொண்டிருப்பீர்கள். 2001-02இல் வந்த முதல் வடிவம் மட்டும் எச்.ஆர். 4.

ஒவ்வொரு மசோதாவுக்கும் 'சம்மரி', 'டெக்ஸ்ட்', 'ஆக்‌ஷன்ஸ்' என்று தனித்தனித் தாவல்கள். இதில் ஆக்‌ஷன்ஸ்தான் இந்தத் தளத்தின் ரத்தினம். 108ஆவது காங்கிரஸின் எச்.ஆர். 6ஐத் திறந்து பழையதிலிருந்து புதியது என்று வரிசையை மாற்றிவிட்டு மேலிருந்து கீழே வாருங்கள். 2003 ஏப்ரல் 11 அன்று பிரதிநிதிகள் சபை 247-175 என்று நிறைவேற்றுகிறது. ஜூலை 31 அன்று செனட் 84-14 என்று நிறைவேற்றுகிறது. ஆஹா, பெரிய ஆதரவு என்றுதான் யாருக்கும் தோன்றும். டெக்ஸ்ட் தாவலுக்குப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். செனட் தன்னுடைய சொந்த மசோதாவை முடிக்க முடியாமல் திணறி, கோடை விடுமுறைக்கு முன் ஏதாவது ஒன்றை நிறைவேற்றியாக வேண்டும் என்ற அவசரத்தில், முந்தைய ஆண்டு ஜனநாயகக் கட்சியின் கையில் செனட் இருந்தபோது நிறைவேறிய பழைய உரையை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறது. கூட்டுக் குழுவில் எப்படியும் மாற்றி எழுதத்தான் போகிறோம், இப்போதைக்கு இது இருக்கட்டும் என்ற கணக்கு. அந்த 84 பேரும் வாக்களித்த உரை வேறு, பிறகு திரும்பி வந்த உரை வேறு.

இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மின்கட்டமைப்புக்குக் கட்டாய விதிகள் வேண்டும் என்பதில் அதன் பிறகு யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்தைத் தனியாக நிறைவேற்றிவிட்டால் மீதி மூட்டையை யார் தூக்குவார்கள்? எல்லாவற்றையும் ஒன்றாகவே கட்டி வைத்தார்கள். செனட்டின் பீட் டொமினிசியும் பிரதிநிதிகள் சபையின் பில்லி டவுசினும் கூட்டுக் குழுவில் உட்கார்ந்து எழுதியபோது ஜனநாயகக் கட்சியினர் எங்களை அறைக்குள்ளேயே விடவில்லை என்று புகார் சொன்னார்கள். நவம்பரில் ஆயிரம் பக்கத்துக்கும் மேலான கூட்டுக் குழு அறிக்கை, அதாவது மசோதாவின் இறுதி உரை, வெளியே வந்தது. எண் 108-375, அதுவும் தளத்தில் இருக்கிறது, 'கமிட்டி ரிப்போர்ட்ஸ்' பகுதியில் தேட வேண்டும். வெள்ளை மாளிகை கேட்டிருந்த வரிச்சலுகை பத்தாண்டுக்குச் சுமார் 800 கோடி டாலர். வெளியே வந்த அறிக்கையில் இருந்ததோ சுமார் 2,300 கோடி.

நவம்பர் 18 அன்று பிரதிநிதிகள் சபை 246-180 என்று ஏற்றுக்கொண்டது. நவம்பர் 21 அன்று செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாமா என்ற தீர்மானம் 57-40. அறுபது வேண்டும், கிடைக்கவில்லை, மசோதா அதோடு படுத்தது. இந்த வாக்கைச் சொடுக்கினால் செனட்டின் சொந்தத் தளத்துக்கு அழைத்துப்போய்ப் பெயர் பெயராகக் காட்டும். பட்டியலைப் பார்த்துவிட்டு உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எதிர்த்தவர்களில் பில் ஃபிரிஸ்ட் பெயரும் இருக்கும். அவர் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர், மசோதாவை நிறைவேற்றப் பாடுபட்டவர். தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் வாக்கை மாற்றிப் போட்டார், ஏனென்றால் ஜெயித்த பக்கம் வாக்களித்தவர்தான் மறுபரிசீலனை கேட்க முடியும் என்பது விதி. இந்த மாதிரி விஷயத்தைத் தளம் எங்கேயும் சொல்லாது, தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். ஆதரித்தவர்கள் பட்டியலில் ஜனநாயகக் கட்சித் தலைவர் டாம் டாஷல் இருப்பது அதைவிட வேடிக்கை. அவர் தெற்கு டகோட்டாக்காரர், மக்காச்சோள மாநிலம், மக்காச்சோளத்தில் இருந்து எடுத்துப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் மசோதாவில் இருந்தது.

சரி, எதனால் விழுந்தது? எம்டிபிஇ. காற்று மாசைக் குறைக்கப் பெட்ரோலில் கலந்த ஒரு சேர்மம், நிலத்தடித் தொட்டிகளில் இருந்து கசிந்து பல மாநிலங்களில் குடிநீரைக் கெடுத்தது. தயாரித்தவர்கள் பெரும்பாலும் டெக்ஸஸ், லூசியானா பக்கம். டவுசின் லூசியானா, பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலே டெக்ஸஸ். குறைபாடுள்ள பொருள் என்று சொல்லித் தயாரிப்பாளர்கள் மேல் வழக்குப் போடக் கூடாது என்று ஒரு பிரிவு, அதுவும் 2003 செப்டம்பர் 5 முதல் முன்தேதியிட்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் வழக்குப் போட்டது அந்த மாதக் கடைசியில்தான். இப்போது 57-40 பட்டியலுக்குத் திரும்பிப் போனால் நியூ ஹாம்ப்ஷயரின் இரண்டு செனட்டர்களும், ஜட் கிரெக், ஜான் சுனுனு, குடியரசுக் கட்சியினராக இருந்தும் ஏன் எதிர்த்தார்கள் என்பது கண்ணாடி மாதிரித் தெரியும். அதே மாநிலத்துக்குப் பிற்பாடு, 2013இல், எக்ஸான்மொபில் 23.6 கோடி டாலர் தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு தேதி மசோதாவில் தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரைக்கும் தளத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். தேதி இருக்கிறது, உரை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை வந்துவிடுகிறது. அடுத்ததுதான் தகராறு.

அந்த 2003 அறிக்கையில் 'பசுமைக் கட்டடம்' என்ற பெயரில் வரிவிலக்குப் பத்திரங்களுக்கு ஒரு பிரிவு. குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் செனட்டில் இதைக் கிழி கிழி என்று கிழித்தார், ஏனென்றால் பலன் அடையப்போகிற இடங்களில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் பகுதியில் வரவிருந்த ஒரு வணிக வளாகமும் ஒன்று, அதில் பரிமாறும் பெண்களின் குட்டை உடைக்குப் பேர்போன ஹூட்டர்ஸ் உணவகம் வரப்போகிறது. எரிசக்தி மசோதாவுக்கும் ஹூட்டர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நாடே சிரித்தது. இப்போது நீங்கள் தளத்தில் உட்கார்ந்து ஹூட்டர்ஸ் என்றோ ஷ்ரீவ்போர்ட் என்றோ மசோதா உரைக்குள் தேடிப் பாருங்கள். அகப்படாது. மசோதா விழுந்தாலும் இந்தப் பிரிவு சாகவில்லை, 2004 அக்டோபரில் கையெழுத்தான வேலைவாய்ப்பு வரிச் சட்டத்துக்குள் (108ஆவது காங்கிரஸ், எச்.ஆர். 4520) குடிபெயர்ந்துவிட்டது. அங்கே உரையைப் படித்தால் என்ன இருக்கும் தெரியுமா? மொத்தம் 200 கோடி டாலர் பத்திரம், கட்டடம் பத்து லட்சம் சதுர அடியாவது இருக்க வேண்டும் அல்லது நிலம் 20 ஏக்கராவது இருக்க வேண்டும், தேர்ந்தெடுக்கும் திட்டங்களில் ஒன்றாவது அரசு அறிவித்த சிறப்பு முன்னேற்றப் பகுதியிலோ அதைச் சுற்றிப் பத்து மைலுக்குள்ளோ இருக்க வேண்டும், ஒன்றாவது கிராமப்புற மாநிலத்தில் இருக்க வேண்டும். ஊர் பெயர் கிடையாது, நிறுவனத்தின் பெயர் கிடையாது. மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டு ஜாதகம் எழுதுகிற கதைதான். அட்லாண்டாவின் அட்லாண்டிக் ஸ்டேஷன், நியூயார்க் மாநிலம் சிரக்யூஸ் நகரத்தின் டெஸ்டினி யூஎஸ்ஏ வணிக வளாகம் எல்லாம் இந்த வரிகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன, ஆனால் அது தெரிய வேண்டுமென்றால் அந்தக் காலத்துப் பத்திரிகைகளைத்தான் புரட்ட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக ஒரு விஷயம் தற்செயலாகவே அமைந்திருக்கிறது. 2005இன் எரிசக்திச் சட்டம் பொதுச் சட்டம் 109-58 (109ஆவது காங்கிரஸின் 58ஆவது சட்டம்). அதற்கு அடுத்த எண், 109-59, நெடுஞ்சாலைச் சட்டம். இரண்டுக்கும் செனட்டின் இறுதி ஒப்புதல் ஒரே நாளில், ஜூலை 29. கையெழுத்து இரண்டு நாள் இடைவெளியில், ஆகஸ்ட் 8, ஆகஸ்ட் 10. நெடுஞ்சாலைச் சட்டத்தில் பெயர் குறித்த ஒதுக்கீடுகள் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். அலாஸ்காவின் கெச்சிகனில் இருந்து சில டஜன் பேர் வசிக்கும் கிராவினா தீவுக்குப் பாலம் கட்ட 22.3 கோடி டாலர் என்று நாறிப்போனதே, அது இதில்தான். கிராவினா என்று தேடினால் பளிச்சென்று வந்து விழும். திருட்டுத்தனமே இல்லை, ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார்கள், அதனால்தான் மாட்டிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். எரிசக்திச் சட்டத்தின் சுபாவம் வேறு. அதில் பணம் வரிச்சலுகையாகவும் கடன் உத்தரவாதமாகவும் 'தகுதி வாய்ந்த' என்று தொடங்குகிற வரையறையாகவும் போகிறது. தேடுபொறி பெயரைத்தான் தேடும், வரையறைக்குள் யார் பொருந்துகிறார் என்று அதற்குத் தெரியாது.

பெயர் சொன்ன இடங்களும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிய தலைமுறை அணு உலை ஒன்று ஐடஹோ தேசிய ஆய்வகத்தில்தான் அமைய வேண்டும் என்று எழுதி, 125 கோடி டாலர் வரை அனுமதி. அலாஸ்காவில் ஓடாமல் கிடந்த ஒரு நிலக்கரி மின் நிலையத்தை மறுபடி ஓட்டக் கடன். டொமினிசிதான் செனட் எரிசக்திக் குழுவின் தலைவர், மூத்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜெஃப் பிங்கமன், இருவருமே நியூ மெக்சிகோ. புஷ் கையெழுத்துப் போட்ட இடம் அந்த மாநிலத்தின் அல்புகர்க்கியில் உள்ள சாண்டியா ஆய்வகம். இதெல்லாம் ஆக்‌ஷன்ஸ் தாவலில் 'அதிபர் கையெழுத்திட்டார்' என்ற ஒற்றை வரியாகத்தான் இருக்கும்.

2005 மசோதாவின் பயணம் முந்தையதைவிட மரியாதையானது. எம்டிபிஇ பாதுகாப்பையும் ஆர்க்டிக் வனவிலங்குச் சரணாலயத்தில் எண்ணெய் தோண்டுவதையும் கூட்டுக் குழுவில் கைவிட்டார்கள், அதனால் பிரதிநிதிகள் சபையில் 275-156, செனட்டில் 74-26. (ஒபாமா ஆதரவு, மெக்கெய்னும் ஹிலரி கிளின்டனும் எதிர்ப்பு. 2008 தேர்தலில் இந்த ஒரு வாக்கை வைத்தே எவ்வளவு சண்டை!) வரிச்சலுகை சுமார் 1,450 கோடி டாலர், வெள்ளை மாளிகை கேட்டது அதில் பாதிகூட இல்லை. டெக்ஸ்ட் தாவலின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. மேலே ஒரு சின்னப் பெட்டியில் ஒவ்வொரு கட்டத்தின் உரையும் தனித்தனியாக இருக்கும். எத்தனால் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தால், 2012க்குள் பிரதிநிதிகள் சபை உரையில் 500 கோடி கேலன், செனட் உரையில் 800 கோடி, சட்டத்தில் 750 கோடி. பேரத்தின் கைரேகை அப்படியே பதிந்திருக்கிறது. 2007இன் எச்.ஆர். 6ஐயும் திறந்தால் அது 2022க்கு 3,600 கோடியாகி இருக்கும்.

இதே வித்தையைப் பிரிவு 999இல் காட்டப் பார்த்தால் மூக்குடைபட வேண்டியதுதான். ஆழ்கடல் எண்ணெய், எரிவாயு ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர், பத்தாண்டுக்கு 50 கோடி, அரசுக்கு வரும் எண்ணெய் ராயல்டியில் இருந்து நேராக ஒதுக்கீடு, அதற்கு மேல் ஆண்டுக்கு 10 கோடி வரை தரலாம் என்று அனுமதி வேறு. பெரும்பகுதியை ஒரு கூட்டமைப்பு நிர்வகிக்கும் என்று சட்டம் சொல்கிறது. எந்தக் கூட்டமைப்பு என்று சொல்லவில்லை. 2005 ஜூலை 27 அன்று ஜனநாயகக் கட்சியின் ஹென்றி வாக்ஸ்மன், பிரதிநிதிகள் சபைத் தலைவர் ஹாஸ்டெர்ட்டுக்குக் கடிதம் எழுதினார்: கூட்டுக் குழு முடிந்த பிறகு இது உள்ளே வந்திருக்கிறது, மொத்தம் 150 கோடி டாலர் வரை போகலாம், பணம் போகக்கூடிய கூட்டமைப்பு இருப்பது டெக்ஸஸின் சுகர் லேண்டில், அதாவது டிலேயின் தொகுதியில். குடியரசுக் கட்சித் தரப்பு இது ஏற்கெனவே பேசிய விஷயம்தான் என்றது. அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, இந்தத் திட்டத்தின் வேறொரு வடிவம் பிரதிநிதிகள் சபை ஏப்ரலில் நிறைவேற்றிய உரையிலேயே இருந்தது. ஆனால் இறுதி வடிவத்தை எந்தக் கை, எந்த மணிக்கு எழுதியது? தளத்தில் அதற்குத் தாவல் இல்லை. கூட்டுக் குழு அறிக்கை 109-190இல் எல்லாப் பிரிவும் ஒரே முகத்தோடு, ஒரே எழுத்துருவில் நிற்கும். பிறகு அந்தச் சுகர் லேண்ட் கூட்டமைப்புக்கே அந்த வேலை கிடைத்தது என்பது கொசுறு.

குறை யாருடையது என்று கேட்டால் தளத்தைத் திட்டுவது நியாயம் இல்லை, நடக்கிறதைத்தானே பதிவு செய்ய முடியும். திருத்தம் கொண்டுவந்தவர் பெயர் பொது அவையில் வந்த திருத்தங்களுக்கு இருக்கிறது. கூட்டுக் குழுவில் சேர்த்ததற்கு இல்லை, விதியே அப்படித்தான் இருந்தது. 2007இல் பிரதிநிதிகள் சபை விதியை மாற்றி, பெயர் குறித்த ஒதுக்கீடுகளைக் கேட்டவர் பெயரோடு வெளியிட வேண்டும் என்றது. வரிச்சலுகைக்கும் அது உண்டு, ஆனால் பலன் பெறுபவர் பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மட்டும். பதினோராவது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது. 2011இல் இந்த ஒதுக்கீடுகளை நிறுத்தி வைத்தார்கள், 2021இல் 'சமூகத் திட்ட நிதி' என்று அழகான பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போதைய பட்டியல்கள் நிதி ஒதுக்கீட்டுக் குழுக்களின் சொந்தத் தளங்களில் கேட்டவர் பெயரோடு கிடைக்கின்றன, அங்கே போய்த் தேடுங்கள். யார் எந்த மசோதாவுக்காக லாபி செய்தார் என்பதும் வேறு இடம், செனட்டின் லாபி பதிவேடு.

சம்மரி தாவலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காங்கிரஸின் ஆராய்ச்சிப் பிரிவு எழுதுவது, நடுநிலையாக, சாப்பாட்டில் உப்பு இல்லாத மாதிரி இருக்கும். 109-58 மாதிரிப் பெரிய சட்டத்துக்கு அந்தச் சுருக்கமே ஒரு சின்னப் புத்தகம். இருந்தாலும் உரைக்குள் போகும் முன் படித்துவிடுவது நல்லது, எந்தப் பிரிவு எங்கே என்று பிடிபடும். கோடைகால நேர மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு மாறியது பிரிவு 110 என்பதும், நிலத்தடிப் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதற்குக் குடிநீர்ச் சட்டத்தில் இருந்து விலக்குக் கொடுத்தது பிரிவு 322 என்பதும், மின்கட்டமைப்புக்குக் கட்டாய விதிகள் ஒருவழியாக வந்தது பிரிவு 1211 என்பதும் அதில் சட்டென்று கிடைக்கும்.

புதிதாக வருபவர்கள் ஏமாறக்கூடிய இடம் இன்னொன்று உண்டு. பொதுச் சட்டம் என்று இந்தத் தளம் காட்டுவது கையெழுத்தான நாளின் உரை. பிறகு மாறியது எதுவும் அதில் ஏறாது. பிரிவு 999ஐ 2013 டிசம்பரின் பட்ஜெட் ஒப்பந்தச் சட்டம் ரத்து செய்துவிட்டது, ஆனால் 109-58ஐத் திறந்தால் அந்தப் பிரிவு இன்னமும் புத்தம் புதிதாக, ஆண்டுக்கு 5 கோடி டாலரோடு உட்கார்ந்திருக்கும். இன்று எது நடைமுறையில் இருக்கிறது என்று தெரிய பிரதிநிதிகள் சபையின் சட்டத் திருத்த அலுவலகம் நடத்தும் யு.எஸ். கோட் தளத்தைத்தான் பார்க்க வேண்டும், 999 அங்கே 42ஆம் தொகுப்பில் வரும்.